ஊரெல்லாம் கண்காட்சி: எதை, எங்கே, யாருக்கு?

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதம் ஒரு கண்காட்சி நடக்கும். ஏழாம் வகுப்பு அறையின் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவர் முழுக்கச் சார்ட்டுகள் ஒட்டுவோம். நடுவில் தெர்மோகோல் எரிமலை ஒன்று இருக்கும். சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டுவார், அரை மணி நேரம் சுற்றிப் பார்ப்பார். மதியம் மற்ற வகுப்பு மாணவர்கள் வரிசையாக வந்து போவார்கள். நான்கு மணிக்குச் சார்ட்டுகளைக் கழற்றிச் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்துவிடுவோம்.

பல ஆண்டுகள் இதை முன்னின்று நடத்தியவன் நான்தான். இதில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, சுவரில் இருந்தவை எல்லாம் கையெழுத்தும் ஓவியமும் நன்றாக வரும் ஐந்தாறு பேருடைய வேலைகள். மற்றவர்கள் செல்லோடேப் வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவது, பெற்றோர் யாரும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர்கள் காட்டிலோ, செங்கல் சூளையிலோ, பெங்களூருவில் கட்டட வேலையிலோ இருப்பார்கள். எட்டு ஆண்டுகள் எங்களிடம் படித்த பிள்ளை என்ன செய்யத் தெரிந்தவன் என்பதை அவன் ஊர் ஒருநாளும் பார்க்காமலேயே அவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விடுவான்.

இந்தக் குறைகளுக்கு ஒரு வழி கிடைத்தது கொச்சியில்.

கொச்சியில் பார்த்தது

2022 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு கொச்சி போயிருந்தேன். அப்போது அங்கே கொச்சி முசிரிஸ் பினாலே என்னும் கலைவிழாவின் ஐந்தாம் பதிப்பு நடந்துகொண்டிருந்தது. பினாலே என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது என்று பொருள். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகிய இரு ஓவியர்களின் முயற்சியால் இது 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. இதற்கென்று புதிய கட்டடம் எதையும் கட்டவில்லை. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் இருக்கும் பழைய வணிக வளாகங்களும் மிளகு, இஞ்சிக் கிடங்குகளுமே காட்சிக்கூடங்கள். முதன்மை இடமான ஆஸ்பின்வால் வளாகமே 19ஆம் நூற்றாண்டில் மிளகும் தேங்காய் எண்ணெயும் மரமும் வணிகம் செய்த நிறுவனத்துடையதுதான்.

பெரிய கலைஞர்களின் காட்சிகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது மாணவர் பினாலே. 2014இல் நடந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, நாடெங்கும் உள்ள கலைக் கல்லூரி மாணவர்களுக்காக இது தனியே நடத்தப்படுகிறது. இளம் தொகுப்பாளர்கள் பல மாநிலக் கல்லூரிகளுக்கு நேரில் சென்று, மாணவர்களோடு பேசிப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களும் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். பொதுவாகக் கலைக் கல்லூரிகளில் படிப்பு முடியும்போது கல்லூரிக்குள்ளேயே ஒரு கண்காட்சி நடக்கும். பேராசிரியர்களும் உடன் படிப்பவர்களும் பார்ப்பார்கள். இங்கேயோ அதே மாணவர்களின் வேலை, சுமை இறக்குபவரும் ஆட்டோ ஓட்டுநரும் கடந்து போகும் பஜார் சாலைக் கிடங்குகளில் இருந்தது. ஒரே இடத்தில் இல்லாமல் பல கட்டடங்களில் பிரிந்திருந்தது. கையில் வரைபடத்தோடு சந்து சந்தாக நடந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு கிடங்கின் மூலையில், தன் படைப்பின் அருகே நின்ற மாணவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வெளிச்சம் குறைவான அந்த மூலையில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். “இந்தச் சுவர்தான் வேணும்னு நானே கேட்டு வாங்கினேன் சார். ஈரம் பட்டு உரிஞ்ச சுவர். என் வேலைக்கு அதுதான் பொருத்தம்” என்றார். அன்று அந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதன் பொருள் எனக்குப் புரிந்தது மூன்று மாதம் கழித்து, என் தவறு ஒன்றுக்குப் பிறகுதான்.

நம்மிடம் முன்பே இருந்தது

கலை அறைக்குள் அடைபடாமல் வெளியே நிற்பது நமக்குப் புதிதல்ல. 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்காகக் காந்தியடிகள் கேட்டுக்கொண்டதன்பேரில், சாந்திநிகேதன் கலாபவனத்தின் ஆசிரியர் நந்தலால் போஸ் எண்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். உழவர், தச்சர், மேளம் அடிப்பவர் என்று உழைக்கும் மக்களே அவற்றில் இருந்தார்கள். மாநாட்டுக்கு வந்த கிராமத்து மக்கள் போகிற வருகிற வழியில் பார்க்கும்படி அவை மாட்டப்பட்டன. அவருடைய பிறந்த நாளையொட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் கலாபவன மாணவர்களும் ஆசிரியர்களும் நந்தன் மேளா நடத்துகிறார்கள். திறந்தவெளியில் கடை போட்டுத் தங்கள் படைப்புகளை விற்று, அந்தப் பணத்தை மாணவர் நல நிதிக்குச் சேர்க்கிறார்கள்.

சென்னை மெரினாவில் நாம் சுற்றுலாவின்போது மாணவர்களை நிறுத்திப் படம் எடுக்கும் உழைப்பாளர் சிலையும் ஓர் ஓவிய ஆசிரியர் செய்ததுதான். சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதைச் செய்தார். 1959 முதல் அது கடற்கரைக்கு வரும் எல்லாருக்கும் பொதுவாக நிற்கிறது.

இவற்றைவிடப் பழையது நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றவர்கள் அங்குள்ள நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரைகளைக் காக்கவோ மீட்கவோ போரிட்டு இறந்த வீரனின் உருவம் நடுவில் இருக்கும். யாருடைய ஆட்சியாண்டு, எந்த ஊர், யார், எந்தத் தொறுவின் பொருட்டு இறந்தான் என்பது சில வரிகளில் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூர் நடுகல்லில், தலைவனோடு நின்று காத்த கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும்கூட உண்டு. இவை அரண்மனைக்குள் வைக்கப்பட்டவை அல்ல. ஊரார் நடமாடும் வெளியில் நின்றவை. உருவம் ஒன்று, அதை விளக்கும் சில வரிகள். கண்காட்சிக்கு ஒரு விளக்க அட்டை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் செய்தது

2023 மார்ச்சில், எட்டாம் வகுப்பு முடித்துப் போகும் 23 பேரை வைத்து முதல் முயற்சி செய்தோம். இது அவர்களுடைய விடைபெறும் கண்காட்சி. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒப்புக்கொண்டார்கள். ஊரில் ஏழு இடங்களைக் குறித்தோம்: பேருந்து நிழற்குடை, பால் சங்கம், ரேஷன் கடை, டீக்கடை, புளியமரத்தடி, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி.

தொட்டியின் அடியில் ஊரின் தண்ணீர் வரைபடம் வைத்தோம். மாணவர்கள் பெரியவர்களிடம் கேட்டுக் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் குறித்து, ஒவ்வொன்றின் ஆழத்தையும் அளவுக்கேற்ற கோடாக வரைந்தார்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களில் கறை விழுவதும், 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதும் அதிலேயே இடம் பெற்றன. பால் சங்கத்தில், சொல்ல ஒப்புக்கொண்ட பத்து வீடுகளின் ஒரு மாதப் பால் அளவு பட்டை வரைபடமாக நின்றது. டீக்கடையில் ‘உழைக்கும் கைகள்’: களை எடுக்கும் கை, பால் கறக்கும் கை, சட்டி பிடிக்கும் கை என்று பென்சிலில் வரைந்த கைகள் மட்டும். அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதைகள். புளியமரத்தடியில் இலைப் பதிவுகளும் பறவைகளும்.

இரண்டு நாள் வைத்திருந்தோம். காலை ஏழிலிருந்து எட்டரை வரையும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரையும், படைத்தவர்களே அருகில் நின்று விளக்கினார்கள். பால் ஊற்ற வந்தவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பட்டை வரைபடத்தில் தங்கள் வீட்டைத் தேடினார்கள். வகுப்பில் எழுந்து நின்றால் குரலே வராத ஒரு மாணவன், தொட்டியடியில் கிணற்று ஆழம் பற்றிப் பெரியவர் ஒருவரோடு வாதம் செய்தான். அவர் சொன்ன திருத்தத்தை அங்கேயே பென்சிலால் போட்டான். புளியமரத்தடி இலைப் பதிவின் கீழ்ப்பாதியை முதல் நாள் மதியமே ஆடு தின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தோம். ரேஷன் கடையில் நடந்தது மட்டும் சிரிக்கிற விஷயமாக இல்லை.

ஒரு பூட்டுப் படம்

ரேஷன் கடைக்கு ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பு. ஒரு மாணவி, பூட்டிய கதவு ஒன்றையும் திண்ணையில் சாய்த்து வைத்த செல்போனையும் வரைந்திருந்தாள். போன் திரையில் சிறியதாக இரண்டு முகங்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அவள் ஆயாவோடு இருக்கிறாள். படத்துக்கு அவள் வைத்த பெயர் ‘ஞாயிற்றுக்கிழமை’. வகுப்பிலேயே சிறந்த படம் அதுதான் என்று நான் முடிவு செய்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று வரிசை நிற்கும் இடத்துக்கு நேராக நானே மாட்டினேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, “ஊட்டு விசயத்தக் கொண்டுபோயி ரேசன் கடையில மாட்டலாங்களா சார்? வரிசையில நின்னவளுங்க எல்லாம் ‘புள்ளைய அனாதையா உட்டுட்டுப் போயிட்டாங்க’ன்னு பேசறாங்க. நான் ஒருத்தி இருக்கறது அந்தப் படத்துல இல்லீங்களே. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அன்றிரவே படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மாணவியிடம் கொடுத்தேன். “எனக்கு அந்தப் படம் புடிக்கும் சார். ஆனா ரேசன் கடையில வேண்டாம். கிளாஸ்ல வைக்கறதுன்னாதான் வரைஞ்சேன்” என்றாள். மறுநாள் வந்தாள். படம் வகுப்பறையில் தேர்வு வரை இருந்தது.

அப்போதுதான் கொச்சி மாணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் வேலை எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதை அவர் கேட்டு வாங்கினார். நான் என் மாணவியிடம் கேட்கவே இல்லை. கண்காட்சியை ஊருக்குள் கொண்டுபோனேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பழையபடி என்னிடமே வைத்துக்கொண்டேன். அறைக்குள் நடக்கும் கண்காட்சியில் இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது. ஊரின் நடுவில் அது ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைக்கும்.

மூன்று கேள்விகள்

2024 மார்ச்சில் இரண்டாம் முறை நடத்தியபோது, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு படிவம் கொடுத்தோம். அதில் மூன்று கேள்விகள்தான்.

1. எதைக் காட்டப் போகிறாய்? (நீ செய்தவற்றில் உனக்குப் பிடித்தது, ஆசிரியருக்குப் பிடித்தது அல்ல.)
2. எங்கே வைக்கப் போகிறாய்? ஏன் அந்த இடம்?
3. யார் பார்க்க வேண்டும்? யாரைப் பற்றியாவது இருந்தால், அவரிடம் காட்டிக் கேட்டாயா?

‘வகுப்புக்குள் மட்டும்’ என்பதும் ‘பெயர் வேண்டாம்’ என்பதும் ஏற்கத்தக்க பதில்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அந்த ஆண்டு 26 பேரில் நான்கு பேர் வகுப்புக்குள் மட்டும் என்று எழுதினார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மதிப்பீட்டில் வேறுபாடு காட்டவில்லை.

இந்தப் படிவம் வந்த பிறகு மாணவர்களின் வேலையே மாறியது. பேருந்து நிழற்குடையைத் தேர்ந்தெடுத்தவன், நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்குச் சிறிய எழுத்து தெரியாது என்று பெரிதாக எழுதினான். டீக்கடையைத் தேர்ந்தெடுத்தவள், படிக்கத் தெரியாதவர்கள் நிறைய வருவார்கள் என்று எழுத்தைக் குறைத்துப் படமாக்கினாள். பார்ப்பவர் யார் என்று யோசித்து எழுதுவதும் வரைவதும்தானே மொழிப்பாடத்தில் நாம் ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொடுக்க முயல்வது!

நான்கு வாரச் செயல்திட்டம்

முதல் வாரம்: மாணவர்கள் ஆசிரியரோடு ஊரைச் சுற்றி நடந்து, மக்கள் கூடும் இடங்களையும் கூடும் நேரத்தையும் குறிக்க வேண்டும். ஊர் வரைபடம் வரைய வேண்டும். ஒரு பாடவேளையில் நடுகல் படம் ஒன்றைக் காட்டி, உருவம் என்ன சொல்கிறது, எழுத்து என்ன சொல்கிறது என்று பேசவைக்கலாம்.

இரண்டாம் வாரம்: ஆண்டு முழுதும் செய்த வேலைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொருவரும் தனக்குரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கேள்விப் படிவத்தை நிரப்ப வேண்டும். புதிதாகச் செய்ய விரும்புவோர் தொடங்கலாம்.

மூன்றாம் வாரம்: படைப்பை முடித்தல், விளக்க அட்டை எழுதுதல். அட்டை இருபது சொற்களுக்குள் இருக்க வேண்டும். நடுகல்லைப் போல யார், எந்த ஊர், என்ன, எதற்காக என்பவை அதில் வர வேண்டும். இதே வாரத்தில் இடங்களுக்கு அனுமதி கேட்டு மாணவர்களே விண்ணப்பம் எழுத வேண்டும். கடிதம் எழுதும் பயிற்சிக்கு உண்மையான முகவரியும் உண்மையான பதிலும் கிடைக்கும்.

நான்காம் வாரம்: ஒரு நாள் ஒத்திகை, இரண்டு நாள் கண்காட்சி, ஒரு நாள் கழற்றுதலும் கலந்துரையாடலும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டிவைத்துப் பார்ப்பவர்களின் கருத்தை எழுதச் சொல்லலாம். எழுத முடியாதவர்கள் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்ளட்டும்.

பாட இணைப்பும் மதிப்பீடும்

தமிழில் விண்ணப்பம், விளக்கம், நேர்காணல்; கணக்கில் அளவுத்திட்டம், பட்டை வரைபடம்; அறிவியலில் நீர், தாவரம், உடல்நலம்; சமூக அறிவியலில் ஊர் வரைபடம், வரலாறு, உள்ளாட்சி என்று எல்லாப் பாடங்களும் இதில் வரும். எனவே இதை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம். தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அந்த ஐந்தாறு பேரே மீண்டும் முன்னுக்கு வருவார்கள். தேர்வுக்குச் சொன்ன காரணம், திரட்டிய தகவலின் சரித்தன்மை, பார்ப்பவருக்கு விளக்கிய விதம், வந்த கருத்துக்குப் பிறகு செய்த திருத்தம் ஆகிய நான்கையும் பாருங்கள். கிணற்று ஆழத்தைப் பென்சிலால் திருத்தியவனுக்கு நான்காவதில் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கவனிக்க வேண்டியவை

மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். சணல் கயிறும் துணிக் கிளிப்பும் போதும். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். சார்ட் தாள் காற்றில் கிழியும். பழைய அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டினால் நிற்கும். கயிறு, கிளிப், பசை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 640 ரூபாய் ஆனது.

சாலையோரம் மாணவர் நிற்கும் இடங்களில் ஓர் ஆசிரியரோ மேலாண்மைக் குழு உறுப்பினரோ உடன் இருக்க வேண்டும். ஊரின் எந்தத் தெருவும் விடுபடாதபடி இடங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் தயக்கமின்றி வந்து நிற்கக்கூடிய இடமா என்று முதலில் பாருங்கள். மாணவர் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போட வேண்டாம். ஊருக்குக் காட்ட ஒப்புக்கொண்ட பிள்ளை, உலகத்துக்குக் காட்ட ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை.

தொடக்க வகுப்புகளுக்கு ஊர் முழுவதும் வேண்டியதில்லை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் ஐந்து திண்ணைகளைக் கேட்டு வாங்கி ஒரு மாலை மட்டும் வைக்கலாம். படிவத்துக்குப் பதில் வாயால் கேட்டாலே போதும்.

கலைத்திருவிழாவில் நம் பிள்ளைகள் மாவட்டம், மாநிலம் வரை சென்று மேடையேறுகிறார்கள், அது தேவையானது. ஆனால் மேடை ஏறுபவர்கள் சிலர். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும் எல்லாரும் தங்கள் ஊரில் ஒருமுறையாவது ‘இது நான் செய்தது’ என்று நிற்க வேண்டும். அதற்குப் பால் சங்கத்துச் சுவர் போதும். எந்தச் சுவர் என்பதை மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள்.